செவிப்பறைக்குப் பின்னால் வேறு துறை

காது ஆராய்ச்சி நிலையத்தின் வாசலுக்கு மேலே ஓர் இரும்புப் பலகை இருக்கிறது. 'நோயாளிகளுக்கு நேர்ந்த பாதகங்கள்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு பூஜ்யம். சின்னப் பூஜ்யம் இல்லை. ஆள் உயரத்துக்குக் கனத்த தகட்டில் வெட்டி, வெள்ளை அடித்து, பலகையோடு சேர்த்து வெல்டிங் வைத்த பூஜ்யம். வேறு இடமாக இருந்தால் எண்ணைக் கழற்றி மாட்ட வசதியாகக் கொக்கி வைப்பார்கள். இங்கே இயக்குநர் கொக்கியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் வராது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பூஜ்யத்தை அங்கே வைத்தவர் என் அக்கா புருஷன். வெல்டர். எனக்கு அத்தான். வாயில்லாப் பூச்சி என்று அக்கா சொல்லுவாள், பாதி பெருமையாகவும் பாதி எரிச்சலாகவும். நான் அந்தச் சமயத்தில் வேலை வெட்டி இல்லாமல் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கதை முழுக்க அவர் கூடவே அலைகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

பலகையை மாட்டிய வாரம் நிலையத்தில் பாதுகாப்பு வாரம். அத்தான் ஏணி மேல் ஏறி, அண்ணாந்து பார்த்தபடி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் செய்வதுபோல் தலையையும் இரண்டு காதுகளையும் சேர்த்துத் தடித்த துணியால் இறுகக் கட்டியிருந்தார். அப்போது பாதுகாப்புத் துறைத் தலைவி வெளியே வந்தார். அங்கே எல்லோரும் அவரைப் பூஜ்யம் மேடம் என்றுதான் சொல்வார்கள், அவருக்குக் கேட்காத தூரத்தில்.

"என்னங்க இது, தலையில துணி? போட்டோ எடுக்க ஆளு வந்திருக்கு. மஞ்சள் ஹெல்மெட் போடுங்க."

"பொறி காதுக்குள்ள விழுந்துடும் மேடம். துணி இருந்தாத்தான்…"

"ஹெல்மெட்டுதான் பாதுகாப்பு. துணி பாதுகாப்புன்னு எங்க விதியில எங்கயும் இல்ல. அவுத்துடுங்க."

அத்தான் அவிழ்த்தார். ஹெல்மெட் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டது, காதுகள் இரண்டும் வெட்டவெளிக்கு வந்தன. போட்டோ நன்றாக வந்தது. நிலையத்தின் பாதுகாப்புக் கையேட்டு அட்டையில் இன்றைக்கும் அந்தப் படம்தான் இருக்கிறது. படம் எடுத்து முடித்துப் போட்டோக்காரர் பையை மூடுவதற்குள் ஒரு பொறி இடது காதுக்குள் இறங்கிவிட்டது. அத்தான் ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

காது ஆராய்ச்சி நிலையத்தின் வாசலிலேயே காதில் ஓட்டை விழுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? உடனே உள்ளே அழைத்துப் போனார்கள். செவிப்பறையில் ஓட்டை என்றார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பலகையில ஒண்ணுன்னு மாத்துவீங்களா?"

பூஜ்யம் மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பலகையை முழுசாப் படிங்க. 'நோயாளிகளுக்கு'ன்னு போட்டிருக்கு. இவர் அப்ப நோயாளி இல்ல. வெல்டர்."

"இப்ப?"

"இப்ப நோயாளி. ஆனா இப்ப இவருக்கு ஒண்ணும் நேரலையே."

இயக்குநரே நேரில் வந்து அத்தானின் தோளில் கை வைத்தார். நிலையத்தில் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வளர்ச்சி மருந்து என்று பெயர். மருந்தில் ஊறவைத்த சின்னப் பஞ்சுத் துண்டை ஓட்டையின் மேல் வைத்துவிட்டால், சுற்றியுள்ள தோல் தானாக வளர்ந்து ஓட்டையை மூடிவிடுமாம். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், ஒரு காசு செலவில்லை. "தோலைப் பாத்து, வளருன்னு உத்தரவு போடுற மருந்து இது" என்றார் இயக்குநர்.

அத்தான் அப்பாவியாகக் கேட்டார். "மூடினதும் நிறுத்துன்னு யாருங்க ஐயா உத்தரவு போடுவாங்க?"

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர், கூட நின்ற டாக்டர்களைப் பார்த்து. அவர்களும் நல்ல கேள்வி என்று தலையாட்டினார்கள். அந்த நிலையத்தில் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டால் பதில் கிடையாது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்து வேலை செய்தது. சில வாரங்களில் ஓட்டை மூடிக்கொண்டது. அடுப்படியில் அக்கா முணுமுணுப்பது கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தானுக்குக் கேட்டது. "அவ என்னைத்தான் திட்டறா மாப்ள!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. மூடிய செவிப்பறையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் காத்திருப்பு அறையில் மாட்டினார்கள். முழு நிலவைப் படம் எடுத்த மாதிரி இருந்தது. அக்கா அதற்குக் கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நிலையத்துக்கும் அத்தானுக்குமான உறவு தொலைபேசி வழியாக நடந்தது. மாதாமாதம் ஒரு பதிவுக் குரல் வரும். 'நீங்கள் நலமாக இருந்தால் எதையும் அழுத்த வேண்டாம். நலமில்லை என்றால் ஒன்பதை அழுத்தவும்.' எதையும் அழுத்தாதவர்கள் நலம். போனை எடுக்காதவர்கள் நலம். எண்ணை மாற்றிக்கொண்டவர்கள், செத்துப்போனவர்கள், காது கேட்காததால் மணி அடித்ததே தெரியாதவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் சௌக்கியம்.

ஒரு மாதம் அத்தான் ஒன்பதை அழுத்தினார். காது மந்தமாகிக்கொண்டு வந்தது. உள்ளே ஏதோ அடைத்த மாதிரி பாரமும் வலியும், குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றல். ஒன்பதை அழுத்தியதும் இசை கேட்டது. நல்ல இசை. அது முடிந்து மறுபடி ஆரம்பித்து மறுபடி முடிந்தது, கடைசியில் இணைப்பு அறுந்தது. மறுநாளும் அதே இசைதான்.

நேரில் போனோம். பாதுகாப்புத் துறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் நீடிக்கிற ஒவ்வொரு மாதமும் கேக் உண்டு, வாசற்பலகையைக் குழாய் வைத்துப் பளிச்சென்று கழுவுவதும் உண்டு. பூஜ்யம் மேடம் எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அத்தான் கேக் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் காதைக் காட்டினார். மேடம் காதைப் பார்க்கவில்லை. கணினியில் பழைய படத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. பறை எவ்வளவு அழகா மூடியிருக்கு!"

"வலி உள்ள இருக்குங்க மேடம்."

"உள்ளன்னா?"

"பறைக்குப் பின்னால."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படித் தெளிவாச் சொல்லுங்க. பறை வரைக்கும்தான் நாங்க. அதுக்குப் பின்னால வேற துறை."

வேறு துறை அதே தாழ்வாரத்தில் எதிர்க் கதவு. அங்கே ஓர் அறுவை டாக்டர் இருந்தார். எப்போதும் தூக்கம் போதாத முகம். அந்தக் கட்டடத்தில் அத்தானின் காதைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஸ்கேன் எடுத்தார், படத்தை வெகுநேரம் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஓட்டை மூடினதுக்கு அப்புறமும் தோல் உள்பக்கமா வளர்ந்திருக்கு. உருண்டையாத் திரண்டு நிக்குது. அது சும்மா இருக்காது, சுத்தி இருக்கிற எலும்பையெல்லாம் அரிச்சுக்கிட்டே போகும். காதுக்குள்ள இருக்கிற சின்ன எலும்புல தொட்டுடுச்சு. அதை ஒட்டித்தான் முகத்துக்குப் போற நரம்பு ஓடுது. அங்க போறதுக்குள்ள எடுத்துடணும்."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் அத்தான். பேருந்தில் பையை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி.

"பறையைத் திறக்காம உள்ள போக முடியாது. பறை அவங்க துறை. குணமாயிடுச்சுன்னு முடிச்சு, கண்ணாடி போட்டு மாட்டின பறை. அதை நான் கிழிச்சா நோயாளிக்குப் பாதகம் பண்ணினவன் நான்னு ஆயிடும். பாதுகாப்புக் குழு அனுமதி கொடுத்தா நாளைக்கே எடுக்கிறேன்."

வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். காதில் என்ன மருந்து போட்டார்கள் என்று தெரியாமல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். நிலையத்தில் போய் மருந்து என்னவென்று கேட்டேன். பாதுகாப்பு கருதி அதை வெளியே சொல்வதில்லை என்றார்கள். ஆக அவர்கள் கையிலேயே மாட்டிக்கொண்டோம்.

பாதுகாப்புக் குழு கூடியது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்களுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தானுக்கு இடது பக்கம் சுத்தமாகக் கேட்காததால் நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே, இவருக்கு நாம என்ன கொடுத்தோம்? வளர்ச்சி மருந்து. என்ன நடந்திருக்கு? வளர்ச்சி. சொன்னதைச் செஞ்ச மருந்து மேல குத்தம் சொல்லலாமா? ஓட்டை மூடினதோட நின்னிருந்தா அதை வெற்றின்னு சொல்லியிருப்போம். அதுக்கு அப்புறமும் வளர்ந்திருக்குன்னா அதுக்குப் பேரு கூடுதல் வெற்றி. உலகத்துல எந்த மருந்தாவது கொடுத்த வேலைக்கு மேல செஞ்சிருக்கா, சொல்லுங்க?"

மேசையின் கோடியில் இருந்த வயதான உறுப்பினர் ஒருவர், கூட்டத்துக்குப் புதியவர் போலிருக்கிறது, தொண்டையைச் செருமினார். "மத்த நோயாளிகளுக்கும் இந்த மாதிரி இருக்கான்னு பாத்தமா?"

"யாரும் புகார் சொல்லலை" என்றார் பூஜ்யம் மேடம். "ஒன்பதை அழுத்தினவங்க கூட இசை முடியிற வரைக்கும் காத்திருக்கலை. தாங்க முடியாத கஷ்டமா இருந்தா காத்திருப்பாங்க இல்லையா?"

"நேர்ல வந்து சொன்னவங்க?"

"அவங்களை ஆய்வுல இருந்து எடுத்துட்டோம் ஐயா. விதி அப்படி. உடம்பு சரியில்லாதவங்களை ஆய்வுல வெச்சிருக்கிறது பாதுகாப்பு இல்ல."

வயதானவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"இவர் ஒருத்தரை மட்டும் ஆய்வுல இருந்து எடுக்க முடியாது" என்று இயக்குநர் தொடர்ந்தார். "இவர் படம் சுவத்துல இருக்கு. அடுத்த மாசம் பூஜ்ய விழா. வெளியூர்ல இருந்தெல்லாம் விருந்தாளிங்க வராங்க. இவர்தான் மேடையில உக்காரப் போறார்."

அத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "ஐயா, எப்ப எடுப்பீங்க?"

"விழா முடியட்டும்" என்றார் இயக்குநர், மிகுந்த அன்போடு.

நான் எழுந்து கத்தினேன். முகத்து நரம்பு போய்விடும் என்று உங்கள் டாக்டரே சொல்கிறார், மனுஷன் முகத்தோடு விளையாடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். பூஜ்யம் மேடம் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்து, உணர்ச்சிவசப்படுவது இரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை என்றார்.

விழாவுக்கு நாங்கள் போயிருக்கக் கூடாது. அக்கா போகவே வேண்டாம் என்றாள். "வரலைன்னா எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றார் அத்தான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேடையில் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலி. கழுத்தில் மாலை. பின்னால் திரையில் அவருடைய செவிப்பறை, ஒரு லாரி அளவுக்கு.

இயக்குநர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் புரியவில்லை. அத்தானின் இடது கண் இமைக்கவில்லை. வலது கண் இமைத்தது, இடது அப்படியே திறந்திருந்தது, அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. போட்டோக்காரர் மேடைக்கு முன்னால் வந்து, "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றார். அத்தான் சிரித்தார். வாயின் வலது பாதி சிரித்தது. இடது பாதி வேறு யாருடையதோ போல் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்திக்கொண்டே அக்கா எழுந்தாள்.

இயக்குநர் திரும்பி அத்தானைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்திடம் குரல் தழுதழுக்கச் சொன்னார். "பாருங்க, ஆனந்தக் கண்ணீர்! இதைவிட எங்களுக்கு என்ன விருது வேணும்?" கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அக்காவையும் என்னையும் காவலாளிகள் நெரிசல் கருதிப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். போட்டோக்காரர் அத்தானின் மோவாயைப் பிடித்து வலது பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி, வேண்டிய படத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. வாய் கோணிய ஒருவரை நடமாட விட்டால் கேள்வி வரும் அல்லவா? பூஜ்யம் மேடமே ஒரு வழி கண்டுபிடித்தார். "பட்டறையில இன்னொரு பொறி விழுந்துடுச்சுன்னு எழுதிக் கொடுங்க. அப்ப இது புதுக் காயம். உங்க கவனக்குறைவு. பழைய பறைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, டாக்டர் தாராளமாத் திறக்கலாம்."

"அப்படி ஒண்ணும் விழலையே மேடம்" என்றார் அத்தான், பாதி வாயால்.

"உங்களுக்கு முகம் வேணுமா, வாதம் வேணுமா?"

அக்காதான் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவளுக்கு அவர் முகம் வேண்டியிருந்தது. அத்தான் கையெழுத்துப் போட்டார்.

அறுவை டாக்டர் மறுநாளே செய்தார், பாதி நாள் செய்தார். வெளியே வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உருண்டையை எடுத்துவிட்டாராம். எலும்புகள் ஏற்கெனவே கரைந்து போயிருந்தனவாம். இடது காது இனிக் கேட்காது. தலைசுற்றல் இருக்கும். முகம் திரும்பி வருமா என்று அக்கா கேட்டாள். "முதல்ல வந்தப்பவே எடுத்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

அத்தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் ஒன்று நிலையத்திலிருந்து அவருடைய பட்டறை முதலாளிக்குப் போயிருந்தது. கவனக்குறைவான ஆளை வைத்துக்கொண்டு அவரால் தொழில் நடத்த முடியாதாம். உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அத்தான் வீட்டில் இருக்கிறார். தூங்கும்போது இடது கண் மூடாது என்பதால் அக்கா ஒரு துண்டை மடித்து அதன் மேல் போட்டுவிடுவாள். இப்போதெல்லாம் அவள் முணுமுணுப்பதில்லை. அவருக்குக் கேட்காது என்பதால் இல்லை, திட்ட மனசு வரவில்லை என்றாள் என்னிடம்.

போன மாதம் நிலையத்திலிருந்து கார் வந்தது. கேக் வெட்டுகிற மாதமெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கழுவி, பூஜ்யத்தின் வெல்டிங் துருப்பிடித்து ஒரு பக்கம் விட்டுவிட்டதாம். காற்றடித்தால் ஆடுகிறதாம். யார் தலையில் விழுமோ என்று பாதுகாப்புக் குழு அவசரமாகக் கூடி, அதை வைத்த ஆளையே கூட்டிவரத் தீர்மானித்திருந்தது. அத்தானின் காதுக்காக அந்தக் குழுவைக் கூட்ட எங்களுக்கு எத்தனை வாரம் பிடித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் பூஜ்யம் ஒரு மூலையில் மட்டும் தொற்றிக்கொண்டு தொங்கியது. அதற்கு நேர் கீழே மருந்து போட்டுக்கொள்ள வந்தவர்களின் வரிசை. காதில் பஞ்சும் கையில் டோக்கனுமாக நின்றார்கள். "கயிறு கட்டி ஆளுங்களை ஒதுக்கக் கூடாதா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"கயிறு கட்டினா அந்தப் பலகைக்குக் கீழ ஆபத்து இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் பூஜ்யம் மேடம். அத்தானிடம் திரும்பி, "ஏணி ரெடியா இருக்கு. இந்தாங்க ஹெல்மெட்" என்றார். அதே மஞ்சள் ஹெல்மெட்.

அத்தான் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். உடனே தடுமாறினார், நான் பிடித்துக்கொண்டேன். "அண்ணாந்தாலே சுத்துது மேடம். ஏறினா விழுந்துடுவேன்."

"அதுக்கென்ன? உங்களைத்தான் டிஸ்சார்ஜ் பண்ணியாச்சே. இப்ப நீங்க நோயாளி இல்ல, வெல்டர்." அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அத்தான் ஹெல்மெட்டைப் படியில் வைத்துவிட்டு வரிசையின் பக்கம் போனார். பாதி வாயால் பேசுவதால் சொற்கள் குழறும், மெதுவாகச் சொன்னார். "இதுக்குக் கீழ நிக்காதீங்க. விழுந்துடும்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள், சட்டென்று விலகினார்கள். முன்னால் நின்ற நடுவயதுக்காரர் ஒருவர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க ஐயா. நான் பாக்கவே இல்ல."

"அந்த மருந்தும் வேண்டாங்க" என்றார் அத்தான். "எனக்குப் போட்டதுதான் இப்படி ஆயிடுச்சு." தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தொங்குகிற பலகையைப் பார்த்தார். "ஆனா பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"அந்தப் பூஜ்யத்தை அங்க வெச்சதே நான்தாங்க."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, பாவம் யாரோ வயிற்றுப்பிழைப்புக்கு ஏதோ சொல்கிறார் என்கிற மாதிரி மரியாதையாகச் சிரித்தார். அதற்குள் உள்ளே அவருடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை, பக்கத்திலிருந்த மனைவி தட்டிச் சொன்னாள். அவர் அத்தானைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பலகைக்கு நேர் கீழே போகாமல், சுவரை ஒட்டிப் பத்திரமாக நடந்து உள்ளே போனார்.